முள்ளும் பள்ளமும்

மணியாச்சிப் பக்கம் மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு இரண்டு சத்துருக்கள். ஒன்று முள், மற்றது பள்ளம். முள்ளுக்குப் பயப்படுகிறவர் அலாய் வீல் வைத்த வண்டி எடுக்கிறார். பள்ளத்துக்குப் பயப்படுகிறவர் ஸ்போக்ஸ் வீலை விடமாட்டேன் என்கிறார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் இரண்டு பேருடைய வண்டியும் ஒரே மெக்கானிக் கடை வாசலில் வந்து நிற்கிறது என்பது வேறு விஷயம்.

முள், சீமைக் கருவேலுடையது. 1870-களில் கடல் தாண்டி வந்து கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்ட மரம். இன்று தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் தரிசு என்றாலே அதுதான். மழை பொய்த்த வருஷங்களில் விறகும் கரியுமாகக் கரிசல் சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மரம் என்பதால் வாய் நிறையத் திட்டவும் மனசு வரமாட்டேன் என்கிறது. வெட்டி ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டரிலிருந்து உதிர்ந்த முள் ரோட்டோரத்தில் கிடந்து காயும். டியூப் போட்ட சக்கரம் அதில் ஏறினால் அந்த இடத்திலேயே காற்று போய்விடும். பொழுது அடைந்த பிறகு கடம்பூருக்கும் மணியாச்சிக்கும் நடுவே, பின்னால் ஒரு மூட்டை உரத்தோடு வண்டியை உருட்டிக்கொண்டு போனவருக்குத்தான் டியூப்லெஸ் டயரின் அருமை தெரியும். அதில் முள் குத்தினாலும் காற்று மெள்ளத்தான் கசியும். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பிக்கு ஒன்று என்று, நாம் அன்றாடம் பார்க்கிற வண்டிகளில் பெரும்பாலும் 36 துளைகள். டியூப் இல்லாமல் அதில் காற்று நிற்காது. ஆக, முள்ளிலிருந்து தப்ப, துளை இல்லாத அலாய்.

பள்ளத்தின் கதை மண்ணிலிருந்து தொடங்குகிறது. கரிசல் சும்மா கிடக்கிற மண் இல்லை. அதன் களியில் மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் இருக்கிறது. ஏடு ஏடாக அடுக்கப்பட்ட அமைப்பு அதற்கு. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். தண்ணீர் வெளியேறினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்ட காடு, ஐப்பசி மழைக்கு மறுபடியும் வாயை மூடிக்கொள்ளும். பருத்திக்கும் உளுந்துக்கும் இது நல்லது. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவருக்கும் ரோட்டுக்கும் இதைவிடப் பெரிய வில்லங்கம் கிடையாது.

தார் ரோட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. மேலே மூடி இருக்கிறதே. ஓரங்கள் அப்படி இல்லை. அங்கே வருஷா வருஷம் தண்ணீர் இறங்குகிறது, வருஷா வருஷம் காய்கிறது. அதனால் கரிசல் ரோடு முதலில் ஓரத்தில்தான் நீளவாக்கில் வெடிக்கும். வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்க, ஜல்லி பெயர, ஓரம் உடைந்து விழும். மோட்டார் சைக்கிள்காரன் ஓட்டுகிற இடமோ அதே ஓரம்தான். நடு ரோடு பஸ்ஸுக்கும், காற்றாலை இறக்கை ஏற்றி வருகிற நீளமான டிரெய்லருக்கும், செங்கல் லாரிக்கும். எதிரே ஒன்று வந்தால் இவன் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்கினால் உடைந்த ஓரம். ரோட்டின் மிக மோசமான ஒன்றரை அடியை ரோட்டிலேயே மெலிந்த சக்கரத்துக்கு விட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர்.கே. கட்டி 1970-களிலேயே வழி சொன்னார்: உப்புகிற கரிசலுக்கு மேலே, உப்பாத, ஆனால் பிசுபிசுப்பு உள்ள மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்கு விரித்து இறுக்கி, அதன் மேல் கட்டு. கால்வாய்க் கரைகளிலும் பெரிய வேலைகளிலும் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சுண்ணாம்பு கலப்பது இன்னொரு வழி. ஆனால் ஒரு கிராமத்து இணைப்புச் சாலைக்கு யார் ஒரு மீட்டர் மண் கொண்டுவந்து கொட்டுவார்கள்? அதற்குக் கிடைப்பது ஒட்டு. பள்ளத்தில் ஜல்லியும் தாரும் போட்டு ரோலரை ஓட்டிவிட்டால் அன்றைக்கு ரோடு நேராகத்தான் தெரியும். அடியில் மண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ரிம் எப்படி வளைகிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது வளைவதில்லை, ஏறும்போதுதான். எதிர் விளிம்பில் டயர் மோதும். உள்ளே இருக்கிற காற்று ஒரு கணம் தாங்கப் பார்க்கும். தாங்க முடியாவிட்டால் டயர் முழுக்க நசுங்கி, விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் மட்டும் மிஞ்சும். அப்போது விழுகிற அடிதான் ரிம்மை உள்ளே தள்ளுகிறது. டியூப் இருந்தால் அதே அடியில் அடுத்தடுத்து இரண்டு கீறலோடு பஞ்சரும் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. காற்றுக் குறைவாக இருந்தால் இருபதில் போனாலும் வளையும். புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கு மூன்று பேராக ஏறிக்கொண்டு போகிற வண்டிகளைப் பாருங்கள். எத்தனை பேர் புறப்படுகிறபோது பின்சக்கரத்துக் காற்றைப் பார்த்திருப்பார்கள்? பள்ளத்தைத் திட்டுகிற வாய்கள் காற்று அடிக்கிற கடையைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன.

மணியாச்சிக்கு ரயில் தண்டவாளம் வேறு. மதுரையிலிருந்து வருகிற பாதை இங்கே பிரிந்து ஒன்று தூத்துக்குடிக்கும் ஒன்று திருநெல்வேலிக்கும் போகிறது. ஊர் பெயரைச் சொன்னாலே 1911 ஜூன் 17, வாஞ்சிநாதன் இங்கே கலெக்டர் ஆஷைச் சுட்டது என்று பேச்சு போய்விடும். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ரயில் பாதை நினைவூட்டுவது ரயில்வே கேட்டை. கேட்டைத் தாண்டும்போது தண்டவாளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற ஏற்ற இறக்கத்தில் கட்டுகட்டென்று நாலு அடி. கேட் திறந்ததும் முந்திக்கொண்டு பாய்கிறவர்களுக்கு அந்த நாலும் பலமாக விழும்.

இந்த மண்ணில் சக்கரம் செய்வது பழைய வேலை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், ஆரக்கால்களைச் சுற்றி வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா. பட்டா மாட்டுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக வளையத்தை அடித்து, சுற்றிலும் எரு மூட்டம் போட்டுப் பழுக்கக் காய்ச்சுவார்கள். காய்ந்த இரும்பு விரியும். ஆட்கள் சுற்றி நின்று இடுக்கியால் தூக்கி வட்டையின் மேல் இறக்கி, மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஒவ்வொரு மூட்டும் முனகிக்கொண்டு உள்ளே இறுகும். கோடையில் மரம் காய்ந்து பட்டா தளர்ந்தால் சக்கரத்தைக் கழற்றிக் கண்மாயில் போட்டு வைப்பதும் உண்டு. ஊறின மரம் மறுபடி இறுகிக்கொள்ளும். நெருக்கிப் பிடிப்பதுதான் அந்தச் சக்கரத்தின் பலம். சுமை முழுக்கக் கீழே இருக்கிற ஆரக்கால் மேல் நிற்கும்.

கம்பிச் சக்கரம் இதற்கு நேர் எதிர். கம்பியின் மேல் எதையும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் வளைந்துவிடும். அதனால் அதை இழுத்துக் கட்ட வேண்டும். பறக்கும் எந்திரம் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் 1808-இலேயே இந்த யோசனையை எழுதி வைத்தார். 1874-இல் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக வெளியே இழுக்காமல், தொடுகோடாகச் சாய்த்து ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஓட்டும் முறையைக் கொண்டுவந்தார். மிதிக்கிற விசையும் பிரேக் விசையும் கம்பி வழியாக ரிம்முக்குப் போக அந்தச் சாய்வு வேண்டும். நம் சைக்கிள்களிலும், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-இலும், 1985-இல் வந்த சி.டி. 100-இலும், 1994-இன் ஸ்பிளெண்டரிலும் ஓடினது இதே குறுக்குப் பின்னல்தான். அதனால்தான் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துப் பழகின கைக்கு மோட்டார் சைக்கிள் வந்தபோது புதிதாக எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. கரிசல் காட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.கள் பருத்தி மூட்டையையும் தண்ணீர்க் குடத்தையும் ஆட்டுக்குட்டியையும் சுமந்து இத்தனை வருஷம் ஓடுவதில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் கோட்டம் எடுப்பதை உட்கார்ந்து பார்த்தேன். பழைய போர்க் ஒன்றைத் தலைகீழாகத் தரையில் பதித்து அதையே ஸ்டாண்டாக வைத்திருந்தார்கள். டயர் கழற்றின சக்கரத்தை அதில் அச்சோடு மாட்டி மெள்ளச் சுற்றிவிட்டு, போர்க் கால் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்தார் மெக்கானிக். ரிம் எங்கே வெளியே தள்ளி வருகிறதோ அங்கே மட்டும் சாக்குக் கோடு விழும். பக்கவாட்டுக் கோட்டம் ஒரு தடவை, மேலும் கீழுமான ஏற்ற இறக்கம் ஒரு தடவை, இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தார். அடி விழுந்த இடத்தில் கம்பிகள் தொளதொளவென்று இருந்தன. ரிம் உள்ளே வந்துவிட்டது. கம்பிக்கு இழுக்க எதுவும் இல்லை. அவற்றை இன்னும் தளர்த்தி, கட்டையை உள்பக்கம் வைத்துத் தட்டி ரிம்மை வெளியே கொண்டுவந்தார். இதுவரைக்கும் யாரும் செய்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் வேலை. நிப்பிள் சாவியை எடுத்து, அடி விழுந்த இடத்தை விட்டுவிட்டு நேர் எதிரே இருந்த கம்பிகளைக் கால் திருகு, அரைத் திருகு தளர்த்தினார்.

“அண்ணாச்சி, வளைஞ்சது இங்கனல்ல? அங்கன எதுக்குத் திருகுதீய?” என்று பக்கத்தில் நின்ற பையன் கேட்டான். வண்டி அவனுடையது.

“வளைஞ்சது இங்கன தம்பி. இழுத்துக்கிட்டு நிக்கிறது அம்புட்டும்லா.”

அதற்கு மேல் விளக்கவில்லை. பையனும் கேட்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சாக்குக் கோடு குட்டையாகிக்கொண்டே வந்தது. கோடு ஏறக்குறைய காணாமல் போனதும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் ஸ்பேனர் நுனியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். இறுகின கம்பி கீச்சென்று, தளர்ந்தது மந்தமாக. ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதிக்கு வருகிற வரைக்கும் மறுபடி திருகு, மறுபடி சாக்கு. கடைசியாக, ரிம்முக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை அரத்தால் ராவிவிட்டு, பழைய டியூபில் வெட்டின ரப்பர் நாடாவைச் சுற்றிலும் போட்டார். ராவாத முனை ஒன்று போதும், டியூபைக் குத்திக் கிழிக்க.

சுருதி பார்த்தது ஏன் என்பதற்கு ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி எழுதின புத்தகத்தில் பதில் இருக்கிறது. குடம் மேல் கம்பிகளில் தொங்குவதாகத்தான் நெடுநாள் பேச்சு. அவர் கணக்கிட்டுக் காட்டினது வேறு: சுமை ஏறும்போது மேலேயுள்ள கம்பிகளில் இழுவிசை அவ்வளவாகக் கூடுவதில்லை, தரையைத் தொடுகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கிற சில கம்பிகளில் மட்டும் இழுவிசை குறைகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் முறைவைத்துத் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. முதலிலேயே நன்றாக இழுத்துக் கட்டின கம்பிக்கு அது பெரிய காரியம் இல்லை. தொளதொளக் கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் முழுக்க விட்டுப்போய், நிப்பிள் தானாகக் கழன்று, குடத்தை ஒட்டிய வளைவில் களைத்து ஒருநாள் உடையும். ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பி மேல் பாரம்.

ஆக, கோட்டம் இல்லாமல் ஓடுவதும் கம்பிகள் சமமாக இழுத்து நிற்பதும் வேறு வேறு. பத்துக் கம்பியை முறுக்கி, பத்துக் கம்பியைத் தளர விட்டு, ரிம்மைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்துவிடலாம். அவசரக் கடைகளில் நடப்பது இதுதான். வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது. சக்கரம் ஆடாமல் ஓடும். ஹோண்டாவின் சர்வீஸ் புத்தகங்களில் ரிம் ஆட்டத்துக்கு எல்லை 2 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அது அளக்கக்கூடியது. சுருதியை எந்த ரசீதிலும் எழுத முடியாது. அதனால்தானோ என்னவோ அதற்குக் கூலி கேட்கவும் மெக்கானிக்குகள் கூச்சப்படுகிறார்கள்.

அலாய்க்கு வருவோம். அலுமினியத்தில் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து அச்சில் வார்த்த சக்கரம். வார்த்ததோடு விடுவதில்லை, ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, பிறகு நூற்றைம்பது டிகிரியை ஒட்டி மணிக்கணக்காக வேகவைத்துத்தான் அதற்குப் பலம் கொடுக்கிறார்கள். இரும்பு ரிம் அடி வாங்கினால் வளைந்து, வளைந்தபடியே நிற்கும். வார்த்த அலுமினியத்துக்கு அந்த வளைகிற குணம் குறைவு. கொஞ்சம் வளையும், அதற்கு மேல் கீறல் விடும். அதில் ‘பெண்டு எடுக்கிறோம்’ என்று போர்டு வைத்திருக்கிற கடைகளில் கேஸ் தீயைக் காட்டிச் சூடாக்கி, ஜாக்கி வைத்து நெம்புகிறார்கள். தொழிற்சாலையில் பார்த்துப் பார்த்து ஏற்றின பலம் அந்தத் தீயில் இறங்கிவிடும். சக்கரம் வட்டமாகும், பெயின்ட் அடித்தால் புதுசு போலவும் இருக்கும். காற்றுக் கசிவுகூட நின்றுவிடும். எனக்கு இந்த வேலையில் சம்மதம் இல்லை. விளிம்பில் லேசான நெளிவு, கீறல் எதுவும் இல்லை, காற்று மட்டும் கசிகிறது என்றால், சூடு காட்டாமல் அழுத்தி எடுப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆரக்கால் சேருகிற இடம் வரைக்கும் நெளிந்ததைத் தீயில் வாட்டி ரோட்டுக்கு அனுப்புவது, ஓட்டுகிறவரிடம் சொல்லாமல் அவர் உயிரை வைத்துச் சூதாடுவதுதான்.

கீறல் இருக்கிறதா என்று பார்க்க மிஷின் வேண்டியதில்லை. வெல்டிங் பட்டறைகளில் தொட்டியின் ஒட்டைச் சோதிக்கிற பழைய முறை போதும். சந்தேகமான இடத்தை நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஈரம் போகத் துடைக்க வேண்டும். அதன்மேல் சாக்குப் பொடியைப் பூசினால், கீறலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி வெள்ளையில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு காட்டும். கோடு தெரிந்தால் அந்தச் சக்கரம் எடைக்குத்தான். இரண்டு ரூபாய்ச் சாக்கும் ஒரு மூடி மண்ணெண்ணெயும் செலவு. இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இத்தனை சொன்னதால் ஸ்போக்ஸ்தான் உசத்தி என்று நான் கட்சி கட்டுவதாக நினைக்க வேண்டாம். முள் குத்தி இருட்டில் வண்டி தள்ளுகிற பெண்ணிடம் போய்க் கோட்டம் எடுப்பதன் நுட்பத்தைப் பேசினால் அவர் என்ன சொல்வார்? முள்ளையும் பள்ளத்தையும் ஒருசேரத் தாங்குகிற சக்கரம் உலகத்தில் இல்லாமலும் இல்லை. 1980-களின் கடைசியிலேயே பி.எம்.டபிள்யூ. கம்பிகளை ரிம்மின் வெளி விளிம்பில் மாட்டி, காற்று அறைக்குத் துளையே இல்லாமல் செய்துவிட்டது. சென்னையை ஒட்டித் தயாராகிற ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கும் டியூப்லெஸ் ஸ்போக்ஸ் சக்கரம் வந்துவிட்டது. மலையேறப் போகிறவர்களுக்காக வந்த சரக்கு அது. உர மூட்டை ஏற்றுகிற நூறு சி.சி. வண்டிக்கு வர எத்தனை காலம் ஆகுமோ. முள்ளும் பள்ளமும் லடாக்கைவிட இங்கேதான் அதிகம் என்பதை எந்தக் கம்பெனியின் விளம்பரப் படத்திலும் பார்த்ததில்லை.

மாற்றுவதா, நிமிர்த்துவதா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பட்டறை மெக்கானிக் வைத்திருக்கிற கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. இரும்பு ரிம்மில் பக்கவாட்டுக் கோட்டம் எவ்வளவு இருந்தாலும் முதலில் எடுத்துப் பார்க்கலாம். மேலும் கீழுமான பள்ளம் என்றால், விளிம்பு மடிந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். மடிப்பு விழுந்திருந்தால் தட்டமாட்டார். தட்டினால் மடிப்பிலேயே கிழியும். நிப்பிள் துளையைச் சுற்றித் துரு ஏறி மெலிந்திருந்தாலும் மாற்றத்தான் சொல்வார். புது ரிம் வாங்கும்போது பழையதில் அச்சடித்திருக்கிற அளவை, ஸ்பிளெண்டர் வகைக்கு 1.60 × 18 என்பது போல, எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவார். கம்பியையும் நிப்பிளையும் முழு செட்டாக மாற்றிவிடச் சொல்வார். பழைய கம்பியில் புது ரிம்மைக் கோர்க்கச் சொல்லி மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களிடம் மட்டும் அவருக்குக் கோபம் வருகிறது. முன்சக்கரம் என்றால் கூடுதல் கறார். பின்னால் போனால் வண்டி ஆடும், முன்னால் போனால் ஆள் விழுவார்.

இன்னொன்றும் சொல்லி அனுப்புவார். ஒரு வாரம், பத்து நாள் ஓட்டிவிட்டு வாருங்கள், கம்பி உட்கார்ந்திருக்கும், இன்னொரு தடவை இழுத்துவிட வேண்டும், அதற்குக் காசு வேண்டாம் என்று. அந்தப் பையனிடமும் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

“வருவானா அண்ணாச்சி?”

“எங்க வாராங்க. ஆடாத சக்கரத்த எதுக்குக் கழட்டணும்னு கேக்காங்க.”